பள்ளிவாசல் அலுமாரியும் தோட்டத்துப் பேரேடும்: சிறு சுவடிக்கூடங்களுக்கு இணையம் தரும் உதவிகள்

2025 ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதியில் வீசிய டித்வா சூறாவளியினால் கண்டி மாவட்டம் பட்ட அழிவை இங்கு மீண்டும் விவரிக்க வேண்டியதில்லை. மண்சரிவுகளில் உயிர்களும் வீடுகளும் போயின. மகாவலி கரைபுரண்டதில் தாழ்நிலங்களில் இருந்த கடைகளும் காரியாலயங்களும் நீரில் மூழ்கின. பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தைப் பறிகொடுத்தவர்களுக்கு ஒரு வழியாவது இருந்தது. பதிவாளர் நாயகம் திணைக்களத்தின் ஏடுகளில் மூலப்பதிவு இருக்கும் வரையில் அதன் பிரதியைப் பெற்றுக்கொள்ளலாம். ஆனால் ஒரு பள்ளிவாசல் நிர்வாக சபையின் பல்லாண்டுகாலக் கூட்டக் குறிப்புப் புத்தகமோ, ஒரு தோட்டப் பாடசாலையின் முதலாவது வரவு இடாப்போ, ஒரு கோயிலின் தர்மகர்த்தா சபை எழுதிவைத்த நன்கொடைப் பட்டியலோ நனைந்து கூழாகிவிட்டால் அதற்கு இரண்டாம் பிரதி எங்கும் கிடையாது.

இத்தகைய ஏடுகளை வைத்திருக்கும் இடங்களை எவரும் சுவடிக்கூடம் என்று அழைப்பதில்லை. அவை ஓர் இரும்பு அலுமாரியாகவோ, பாடசாலை அதிபரின் அறைக்குப் பின்னால் உள்ள களஞ்சியமாகவோ, தொழிற்சங்கக் கிளைக் காரியாலயத்தின் பரணாகவோ இருக்கின்றன. கண்டி நகரிலும் அதனைச் சூழ்ந்த அக்குறணை, கம்பளை, தெல்தெனிய, நாவலப்பிட்டி முதலிய பகுதிகளிலும் இத்தகைய அலுமாரிகள் நூற்றுக்கணக்கில் இருக்கக்கூடும். அவற்றைப் பொறுப்பேற்றிருப்போர் பெரும்பாலும் ஊதியமற்ற செயலாளர்கள். சுவடியியல் படித்தவர்கள் அல்லர். படிக்கவேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமன்று. இவர்களைப் போன்றோருக்கெனவே இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் வழிகாட்டிகளும் மென்பொருள்களும் எவை, அவற்றுள் எமது சூழலுக்குப் பொருந்துவன எவை என்பதைச் சற்று விரிவாக நோக்குவது பயனுடையது.

அதற்கு முன்னர், இந்தக் காகிதங்களுக்கு ஏன் இத்துணை முக்கியத்துவம் என்று கேட்போருக்கு ஒரு பதில் சொல்லியாக வேண்டும். மலையகத் தமிழரின் வரலாறே அதற்கான பதிலாகும்.

1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், தந்தை அல்லது பாட்டன் இலங்கையில் பிறந்தவர் என்பதை நிரூபிக்குமாறு கோரியது. தோட்ட லயங்களில் பிறந்தோருள் எத்தனை பேரிடம் பாட்டனாரின் பிறப்புப் பதிவு இருந்திருக்கும்? அடுத்த ஆண்டில் வந்த இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமைச் சட்டம், 1946 ஜனவரி முதலாந் திகதிக்கு முன்னர் மணமானவராயின் ஏழு ஆண்டுகளும் மணமாகாதவராயின் பத்து ஆண்டுகளும் தொடர்ந்து இந்நாட்டில் வசித்தமைக்கு ஆதாரம் கேட்டது. எட்டு இலட்சத்துக்கும் அதிகமானோர் சார்பில் விண்ணப்பங்கள் அனுப்பப்பட்டன. 1960களின் தொடக்கம் வரையில் பிரஜாவுரிமை பெற்றோர் ஏறத்தாழ 134,000 பேர் மாத்திரமே. நிராகரிப்புக்கு அரசியல் காரணங்கள் இருந்தன என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் ஒவ்வொரு விண்ணப்பமும் மேசையில் விழுந்தபோது அதன் தலைவிதியைத் தீர்மானித்தது தோட்டத்துச் செக்ரோல் பேரேட்டின் ஒரு வரி, கங்காணி கொடுத்த துண்டு, பாடசாலை இடாப்பில் இருந்த ஒரு பெயர் ஆகியவையே. 1964 ஒக்டோபர் 30 ஆம் திகதி கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரின் விதி 1974 இல் முடிவாயிற்று. இறுதியாக 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் வந்தபோதும், அந்த ஒப்பந்தத் திகதியிலிருந்து இந்நாட்டில் நிரந்தரமாக வசித்தவர்கள் அல்லது அவர்களின் சந்ததியினர் என்பதே தகுதியாக வகுக்கப்பட்டது. மீண்டும் திகதி, மீண்டும் ஆதாரம்.

இத்தனைக்கும் அந்த ஆதாரங்களை வைத்திருந்த தோட்டக் காரியாலயங்கள் பலமுறை கைமாறிவிட்டன. 1972 இலும் 1975 இலும் காணிச் சீர்திருத்தத்தின் கீழ் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 இல் அவற்றின் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. ஒவ்வொரு கைமாற்றத்தின்போதும் புதிதாக வந்த துரைமாருக்குப் பழைய பேரேடுகள் இடத்தை அடைக்கும் குப்பையாகவே தோன்றியிருக்கும்.

முஸ்லிம் வாசகர்களுக்கும் இதற்கு ஒப்பான அனுபவம் உண்டு. 1956 ஆம் ஆண்டின் 51 ஆம் இலக்க வக்ஃபு சட்டத்தின் கீழ் பள்ளிவாசல்களும் தர்ம நம்பிக்கைப் பொறுப்புகளும் பதிவு செய்யப்பட வேண்டும். வக்ஃபு சொத்து ஒன்றின் மீது பிணக்கு எழும்போது, காணி உறுதியும் அதனை வழங்கியவரின் நிபந்தனையும் பழைய நிர்வாகிகளின் தீர்மானங்களும் கையில் இருக்கிறதா என்பதிலேயே வழக்கின் போக்குத் தங்கியிருக்கிறது. கண்டிக்கு அண்மையில் உள்ள ஒரு பள்ளிவாசலில் நாம் கண்ட காட்சி இங்கு நினைவுக்கு வருகிறது. நூறாண்டைத் தாண்டிய ஓர் உறுதியைப் பாதுகாக்கும் நல்லெண்ணத்துடன் அதற்கு லெமினேட் செய்திருந்தார்கள். சூட்டில் மை பரவி, ஓரங்களில் காற்றுக் குமிழிகள் புகுந்து, உள்ளே ஈரம் அடைபட்டு, முத்திரையின் பாதி கறுத்துப் போயிருந்தது. இனி அந்த உறையைப் பிரிக்கவும் முடியாது. அன்பினால் செய்த காரியம் அது. லெமினேட் செய்யக்கூடாது, ஒட்டு நாடா போடக்கூடாது என்னும் இரண்டு விதிகளை மாத்திரம் யாராவது அவர்களுக்கு முன்கூட்டியே சொல்லியிருந்தால் போதுமானதாக இருந்திருக்கும்.

அவ்வாறான விதிகளைச் சொல்வதற்குத்தான் இணையத்தில் நிறுவனங்கள் இருக்கின்றன. கனேடியப் பாதுகாப்பு நிறுவகமும் அமெரிக்காவின் வடகிழக்கு ஆவணப் பாதுகாப்பு நிலையமும் காகிதம், புகைப்படம், ஒலிநாடா என ஒவ்வொரு பொருளுக்கும் சில பக்கங்களிலான சிறு பிரசுரங்களை இலவசமாக வெளியிட்டுள்ளன. உரோமைத் தலைமையகமாகக் கொண்ட இக்ரோம் நிறுவனம், யுனெஸ்கோவுடன் இணைந்து, ஒழுங்கற்றுப் போன களஞ்சியத்தை மீள ஒழுங்குபடுத்துவதற்கு 'ரீ-ஓர்க்' என்னும் முறையை வகுத்துள்ளது. பணமும் பயிற்சியும் குறைந்த சிறு நூதனசாலைகளை மனதில் வைத்து ஆக்கப்பட்ட முறை இது. இவை யாவும் ஆங்கிலத்திலும், சில பிரெஞ்சு மொழியிலும் உள்ளன. தமிழில் இல்லாமை பெருங் குறையே. மற்றொரு குறையும் உண்டு. குளிர்நாட்டாரின் அறிவுரைகள், நாள் முழுவதும் இயங்கும் குளிரூட்டியை மனதில் கொண்டு எழுதப்பட்டவை. கண்டியின் ஈரக் காற்றில் சார்பு ஈரப்பதன் 65 சதவீதத்தைத் தாண்டிவிட்டால் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும். குளிரூட்டியைப் பகலில் போட்டு இரவில் நிறுத்துவது, போடாமலே இருப்பதிலும் கேடானது. எமது முன்னோர் செய்ததைப் போன்று சுவரிலிருந்து விலகி, நிலத்திலிருந்து உயர்த்தி, காற்றோட்டம் இருக்கும்படி வைப்பதே இங்கு முதற் பாதுகாப்பு. கறையானுக்கும் வெள்ளிப்பூச்சிக்கும் மருந்தடிப்பதற்கு முன்னர் அலுமாரியின் அடித்தட்டை மாதம் ஒருமுறை திறந்து பார்ப்பது மேலானது.

வெள்ளத்தில் நனைந்த ஏடுகளைப் பற்றி இக்ரோம் 2018 இல் வெளியிட்ட நெருக்கடிக்கால முதலுதவிக் கைநூலும் இணையத்தில் உள்ளது. பொதுவாகச் சொல்லப்படும் விடயங்கள் எளிமையானவை. எமது வெப்பநிலையில் நனைந்த காகிதத்தில் இரண்டு நாட்களுக்குள் பூஞ்சணம் தோன்றிவிடும். ஆகவே கடும் வெயிலில் காயப்போடாது, நிழலில், மின்விசிறியின் கீழ், பக்கங்களுக்கிடையே மை உறிஞ்சும் தாளோ அச்சிடாத வெற்றுத்தாளோ இட்டு உலர்த்த வேண்டும். ஒரே நேரத்தில் உலர்த்த இயலாதவற்றைப் பொலித்தீன் உறையிலிட்டுக் குளிரூட்டிப் பெட்டியின் உறைநிலைப் பகுதியில் வைத்தால் பல வாரங்கள் அவகாசம் கிடைக்கும். ஊற்றுப் பேனாவினால் எழுதப்பட்ட பேரேடுகளைக் கழுவுதல் கூடாது, எழுத்தே கரைந்தோடிவிடும். மீன் வைக்கும் உறைநிலைப் பெட்டியில் பேரேட்டை வைப்பதா என்று சிரிப்போர் இருக்கலாம். உலகின் பெரிய நூலகங்களும் அதைத்தான் செய்கின்றன, பெட்டி மாத்திரமே பெரியது.

இனி, பட்டியலிடுதல். எமது கருத்தில் மிகவும் பயன் தரக்கூடியதும் மிகவும் புறக்கணிக்கப்பட்டதும் இப்பணியே. சர்வதேச ஆவணக் காப்பகப் பேரவை 1994 இல் வகுத்து 1999 இல் திருத்திய ஒரு பொது விவரண நியமம் உண்டு. அதில் 26 கூறுகள் உள்ளன என்று கேட்டதும் செயலாளர் மலைத்துப் போவார். ஆனால் கட்டாயமானவையாக வலியுறுத்தப்படுபவை ஆறு மட்டுமே. அடையாளக் குறியீடு, தலைப்பு, ஆக்கியோர், காலம், அளவு, விவரிக்கப்படுவது முழுத் தொகுப்பா ஒரு கோப்பா தனி ஆவணமா என்னும் நிலை ஆகியனவே அவை. ஒரு மாணவனின் அப்பியாசக் கொப்பியில் கோடு போட்டுக்கூட இதனை எழுதிவிடலாம். கணினி இருந்தால் விரிதாளில் எழுதலாம்.

இந்நியமத்தின் அடியில் கிடக்கும் கொள்கையொன்றை மாத்திரம் விளங்கிக்கொண்டால் போதும். நூலகத்தில் நாம் பொருளுக்கேற்ப நூல்களைப் பிரிக்கிறோம். சுவடிகளை அவ்வாறு பிரித்தல் ஆகாது. ஒரு தொழிற்சங்கத்திலிருந்து வந்த காகிதங்கள் அச்சங்கத்தின் பெயரிலேயே, அங்கு இருந்த ஒழுங்கிலேயே வைக்கப்பட வேண்டும். 'கடிதங்கள்' என்றும் 'புகைப்படங்கள்' என்றும் பிரித்து வேறு சங்கத்துக் காகிதங்களோடு கலந்துவிட்டால், எந்தக் கடிதம் எந்தத் தீர்மானத்துக்குப் பதிலாக எழுதப்பட்டது என்பதை மறுபடியும் அறிய முடியாது. ஆர்வமிக்க ஆசிரியர்கள் பலர் இந்தப் பிழையைத்தான் முதலில் செய்கிறார்கள்.

இந்த விவரங்களை இணையத்தில் தேடக்கூடியவாறு வெளியிடுவதற்கு 'ஏட்டோம்' என்ற திறந்த மூல மென்பொருள் உள்ளது. மேற்குறித்த பேரவையின் முயற்சியில் கனடாவின் ஆர்டிஃபெக்சுவல் நிறுவனம் உருவாக்கியது. விலை கிடையாது. ஆனால் அதனை இயக்குவதற்கு ஒரு வழங்கியும் அதைப் பராமரிக்கத் தெரிந்த ஒருவரும் தேவை என்பதைச் சொல்லாமல் விடுவது வாசகரை ஏமாற்றுவதாகும். விரிதாளில் ஒழுங்காக எழுதப்பட்ட பட்டியலைப் பின்னர் அதில் ஏற்றிக்கொள்ள முடியுமாதலால், மென்பொருளுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. நூல்களே அதிகமாயின் நியூசிலாந்தில் பிறந்த 'கோஹா' பொருந்தும். அதே நாட்டின் வைகாட்டோ பல்கலைக்கழகம் யுனெஸ்கோவின் ஒத்துழைப்புடன் பரப்பிய 'கிரீன்ஸ்டோன்' சிறு எண்ணிம நூலகங்களுக்கென உருவானது.

தமிழுக்கே உரிய ஒரு தொல்லையையும் இங்கு குறிப்பிட்டாக வேண்டும். இலங்கையில் நீண்டகாலம் பாமினி முதலிய எழுத்துருக்களிலேயே நாம் தட்டெழுதினோம். பத்திரிகைக் காரியாலயங்களும் விதிவிலக்கல்ல. அவ்வெழுத்துருவில் சேமிக்கப்பட்ட பட்டியலை இன்று வேறொரு கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறியீடுகளும் கலந்த அலங்கோலமே தெரியும். பாடசாலை நூலகமொன்றில் இரண்டாண்டுகள் உழைத்துத் தயாரித்த பட்டியலைப் பயனற்றது எனக் கருதி அழித்துவிட்டதாக எம்மிடம் ஒருவர் வருந்திக் கூறினார். அழித்திருக்கவே வேண்டியதில்லை. பாமினியை யூனிகோடாக மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் பல ஆண்டுகளாக இலவசமாக இருக்கின்றன. சில நிமிட வேலை அது.

அரபுத் தமிழ் ஏடுகள் இன்னொரு நுட்பத்தைக் கோருகின்றன. அரபு எழுத்தில் இருப்பதைக் கண்டவுடன் 'அரபு நூல்' என்று எழுதிவிடுவோர் பலர். மொழி தமிழ், எழுத்து அரபு என இரண்டையும் தனித்தனியே குறிக்க வேண்டும். அந்த நியமத்தில் மொழியையும் எழுத்தையும் குறிப்பதற்கு ஓர் இடம் ஒதுக்கப்பட்டுள்ளது. அதை நிரப்பாவிடின் தமிழ் முஸ்லிம் இலக்கியத்தைத் தேடும் ஆய்வாளர் கண்ணில் அந்த ஏடு ஒருபோதும் படாது. கண்டியில் சட்டத்தரணியாக விளங்கிய சித்திலெப்பை 1882 இல் முஸ்லிம் நேசனைத் தொடங்கி, 1885 இல் அசன்பே சரித்திரத்தை வெளியிட்ட மண் இது. அருள்வாக்கி அப்துல் காதிர் புலவர் பாடிய மண். உவைஸ் அவர்கள் தமிழ் இலக்கியத்துக்கு முஸ்லிம்களின் பங்களிப்பைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நூலை 1953 இல் வெளியிட்டதும் கொழும்புப் பதிப்பகம் எதுவுமன்று, எஸ். எம். ஹனிபா அவர்களின் கல்ஹின்னைத் தமிழ் மன்றமே. அத்தகைய ஊர்களின் வீட்டு அலுமாரிகளில் என்னென்ன கிடக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

படமெடுத்தல் பற்றிப் பிரித்தானிய நூலகம் நடத்தும் அருகிவரும் ஆவணங்கள் திட்டத்தினர் 2018 இல் வெளியிட்ட கைநூல் ஒன்றை இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். மின்சாரமும் வசதிகளும் குறைந்த இடங்களில் ஆவணங்களைப் படமெடுத்தவர்களின் அனுபவங்களே அதன் உள்ளடக்கம். 2004 இல் தொடங்கிய இத்திட்டம் மூல ஏடுகள் நாட்டைவிட்டு வெளியேறுவதை அனுமதிப்பதில்லை. படங்கள் மாத்திரமே செல்கின்றன. இலங்கை மலாயர் குடும்பங்களின் வசமிருந்த கையெழுத்துப் பிரதிகள் இவ்வாறுதான் எண்ணிமமாக்கப்பட்டன. தடித்த பேரேடுகளைத் தட்டை ஸ்கேனரில் கவிழ்த்து அமுக்கினால் தையல் அறுந்துவிடும். முக்காலியில் பொருத்திய கமரா, ஏன், நல்லதொரு கையடக்கத் தொலைபேசி கூடப் போதுமானது. கறுப்புத் துணியை விரித்து, பக்கத்தில் ஓர் அடிமட்டத்தை வைத்து, இருபுறமும் சமமான வெளிச்சம் விழ எடுக்க வேண்டும்.

எடுத்த படங்களை எங்கு சேர்ப்பது என்னும் கேள்விக்குத் தமிழ் பேசுவோர் வேறெங்கும் போக வேண்டியதில்லை. 2005 இல் தன்னார்வலர்கள் சிலரால் தொடங்கப்பட்ட 'நூலகம்' இன்று ஈழத்துத் தமிழ் நூல்கள், பத்திரிகைகள், சிறப்பு மலர்கள் ஆகியவற்றின் மிகப் பெரிய இணையத் திரட்டாக வளர்ந்துள்ளது. ஓலைச்சுவடி, புகைப்படம், ஒலிப்பதிவு முதலியவற்றுக்கு அதன் 'ஆவணகம்' என்ற தனித்தளம் இருக்கிறது. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டு ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலான பின்னர் பிறந்த தலைமுறையின் பதில் அது எனலாம். தமிழகத்தில் விளம்பரப் பலகை ஓவியரான ரோஜா முத்தையா கோட்டையூரில் தனியொருவராகத் திரட்டிய ஏறத்தாழ ஒரு இலட்சம் நூல்களும் இதழ்களும் 1994 இல் சென்னையில் ஓர் ஆய்வு நூலகமாயின. அவரது சேகரிப்பைச் சிக்காகோ பல்கலைக்கழகம் வாங்கியதால் அது பிழைத்தது. எமது சேகரிப்பாளர்களுக்கு அந்த நல்லூழ் எப்போதும் வாய்ப்பதில்லை.

கண்டியிலும் முன்மாதிரிகள் இல்லாமல் இல்லை. அருட்தந்தை போல் கஸ்பர்ஸ் 1972 இல் நிறுவிய சத்யோதயம் தோட்ட மக்கள் பற்றிய ஆவணங்களை நெடுங்காலமாகத் திரட்டிவந்தது. கண்டியில் இயங்கும் சமூக அபிவிருத்தி நிறுவகம் 2007 இல் கம்பளைக்கு அண்மையில் பழைய பீகொக் தோட்டத்தில், பழைய லயக் காம்பராக்களிலேயே, தேயிலைத் தோட்டத் தொழிலாளர் நூதனசாலையையும் ஆவணக் காப்பகத்தையும் அமைத்தது. ஹந்தானையில் உள்ள இலங்கைத் தேயிலை நூதனசாலை இயந்திரங்களுக்கும் தோட்டத்துரைமாருக்கும் கொடுக்கும் இடத்தோடு இதை ஒப்பிட்டுப் பார்ப்போருக்கு, யாருடைய காகிதங்களை யார் காப்பாற்றுகிறார்கள் என்பது தெளிவாகப் புரியும். கண்டிக் கச்சேரியின் பழைய ஆவணங்கள் தேசிய சுவடிகள் காப்பகத் திணைக்களத்தின் பொறுப்பில் பத்திரமாக உள்ளன. ஆனால் கச்சேரி எங்களைப் பற்றி எழுதியது வேறு, நாங்கள் எங்களைப் பற்றி எழுதிக்கொண்டது வேறு. 2023 இல் மலையகம் 200 நினைவுகூரப்பட்டபோது, கண்காட்சிகளில் வைக்கப்பட்ட பொருட்களைக் காண வந்த முதியோர் பலர் 'இது எங்கள் வீட்டிலும் இருக்கிறதே' என்று கூறியதை நாம் கேட்டோம்.

எல்லாவற்றையும் இணையத்தில் ஏற்றிவிட வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. காதி நீதிமன்ற ஏடுகளில் விவாகரத்துக்களும் பிள்ளைச் செலவு வழக்குகளும் உள்ளன. பாடசாலை இடாப்புகளில் உயிருடன் இருப்போரின் சாதியும் குடும்ப விவரமும் இருக்கக்கூடும். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும், ஆசிரியர் மறைந்து 70 ஆண்டுகள் வரை பதிப்புரிமையைப் பாதுகாக்கும் 2003 ஆம் ஆண்டின் புலமைச் சொத்துச் சட்டத்தையும் கவனத்திற் கொள்ள வேண்டும். படமெடுத்துப் பூட்டிவைப்பதும் பாதுகாப்புத்தான். 2018 மார்ச்சில் திகன, தெல்தெனியப் பகுதிகளில் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்ட நாட்களை மறந்திருக்க மாட்டோம். தீயில் போனவற்றுள் காகிதங்களும் இருந்திருக்கும். அவற்றை எவரும் எண்ணவில்லை.

துறைசார்ந்தோர் மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வேறூரில் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். மூன்றாவது பிரதிக்குக் கூலி கொடுத்து மேகக் கணிமை பெற வேண்டும் என்பதில்லை. அக்குறணைப் பள்ளிவாசலின் வன்தட்டு காத்தான்குடியிலும், காத்தான்குடியினது அக்குறணையிலும் இருக்கலாம். கம்பளைக் கோயிலினது யாழ்ப்பாணத்தில் இருக்கலாம். வெள்ளமும் கலவரமும் இரு ஊர்களையும் ஒரே நாளில் தாக்குவது அரிது. வன்தட்டைப் பெட்டியில் போட்டுப் பத்தாண்டுகள் மறந்துவிட்டால் அது திறக்காமற் போகலாம். ஆகையால் ஆண்டுக்கு ஒருமுறை, வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் கணக்கறிக்கை வாசிக்கப்படும் அதே நாளில், வன்தட்டும் திறந்து பார்க்கப்பட்டதாகக் கூட்டக் குறிப்பில் ஒரு வரி எழுதப்பட வேண்டும்.